சிலம்பக் கூடமும் உழைத்துப் பெறும் புகழும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், சிலம்பக் கூடத்து மாணாக்கர்க்குப் பரிசு வழங்குமுன் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இவ்விழாவிற்கு எம்மை அழைத்த செயலாளர் அவர்கள், 'நம் முன்னோர் வீரம்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு எழுதியிருந்தார்கள். அப்பொருளை மாற்றிக்கொள்ள விடை தருமாறு யாம் வேண்டினோம். அவர்களும் அன்புகூர்ந்து இசைந்தார்கள். முன்னோரிடத்து எமக்கு மதிப்புக் குறைந்துவிட்டது என்று எவரும் எண்ணற்க. பல்லாண்டுகளாக இம்மேடையில் அப்பொருள் பேசப்பட்டு வருகின்றது. யாமே ஆறு முறை பேசியிருக்கின்றோம். கேட்டவர்கள் கைதட்டினார்கள். கைதட்டியவர்களுள் ஒருவரேனும் மறுநாள் விடியலில் எழுந்து கோல் பிடித்ததாக யாம் அறியோம். ஆதலின், முன்னோர் பெற்ற புகழை ஒருபால் வைத்து, இக்காலத்துப் பிள்ளைகள் தாமே உழைத்துப் பெறவேண்டிய புகழைப்பற்றிச் சில கூறத் துணிந்தோம்.

துணிந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. இம்மேடையின் ஒரு புறத்தே வெற்றிக் கிண்ணங்கள் பளபளவென அடுக்கப்பட்டிருக்கின்றன. இங்கு அமர்ந்திருந்தபொழுது அவற்றை எண்ணிப் பார்த்தோம், 43 இருந்தன. கூடத்திற் பயிலும் பிள்ளைகளும் 43 பேரே. சேர்ந்து மூன்று திங்களான பிள்ளைக்கும் ஒன்று. ஆறாண்டு பயின்ற பிள்ளைக்கும் ஒன்று. இன்னது செய்தமைக்காக இது தரப்படுகின்றது என்று ஒன்றிலேனும் பொறிக்கப்படவில்லை. வழங்கியவர் பெயர் மட்டும் எல்லாவற்றிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அன்பினாற் செய்யப்பட்ட செயலே அஃது. ஆயினும் அவ்வன்பு பிள்ளைகட்கு நன்மை பயக்குமா என்பதனை நாம் ஒன்றுகூடி ஆராய்தல் வேண்டும்.

பயிற்சியின் இயல்பு

சிலம்பம் என்பது கோல் சுழற்றுங் கலை என்று பலரும் கருதுவர். நல்லாசான் ஒருவரைக் கேட்பின், அது கால் வைக்குங் கலை என்றே கூறுவார். கூடத்திற் புகும் மாணாக்கன் முதற்கண் நிலத்தைத் தொட்டு வணங்குகின்றான், ஆசானை வணங்குகின்றான். பின்னர் வெறுங்கையோடு நின்று காலடி வரிசைகளைப் பழகுகின்றான். முன் வைத்த கால் எங்ஙனம் திரும்பவேண்டும், உடலின் சுமை எக்கால்மேல் நிற்கவேண்டும், பின்வாங்குங்கால் முதுகு காட்டாமல் எங்ஙனம் விலகவேண்டும் என்பன யாவும் கோல் கைக்கு வருமுன் உடம்பில் ஊறிவிடல் வேண்டும். அதன் பின்னரே, நின்றால் ஏறக்குறைய நெற்றியளவு வரும் மூங்கிற் கோல் கையிற் கொடுக்கப்படும். வீச்சு, சுழற்சி, தட்டு, பூட்டு, பிடி என்று ஒவ்வொன்றாகப் படியேறிச் செல்லவேண்டும். மான்கொம்பும் வாளும் அதற்கும் பிற்பட்டவை.

இவ்வரிசையில் பொருளற்றது ஒன்றுமில்லை. சுருள்வாளை எண்ணிப் பாருங்கள். மெல்லிய தகட்டால் ஆகிய அவ்வாள், வீசுகின்றவன் சிறிது மனம் பிசகினும் அவன் மேனியையே கிழித்துவிடும். பகைவன் இல்லாத இடத்தும் ஒழுங்கற்றவனைத் தண்டிக்கும் படைக்கலம் அது. வர்மக் கலையோ இன்னும் கடுமையான காவலுடையது. உயிர்நிலைகளைத் தொடும் முறையை ஆசான் எல்லார்க்கும் கூறார். பல்லாண்டு கண்டு, சினம் அடங்கியவன் என்று தெளிந்த மாணாக்கனுக்கே கூறுவார். அடிக்கக் கற்றவன் அவ்வடியை இளக்கி நலஞ்செய்யவும் கற்றல் வேண்டும் என்பது அக்கலையின் நியதி. கேரள நாட்டுக் களரிகளிலும் இம்முறையே காண்கின்றோம். நிலத்தைத் தோண்டி 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக அமைத்த குழியினுள், தென்மேற்கு மூலையில் ஏழு படிகளுடைய பூத்தறையை வணங்கிப் பயிற்சி தொடங்குகின்றது. மெய்ப்பயிற்சி முதலில், கோற்பயிற்சி அடுத்து, இரும்புப் படை அதன்பின், வெறுங்கையாற் படையை எதிர்க்கும் முறை இறுதியில். படி தாண்டிச் செல்வார்க்கு அங்கு இடமில்லை.

எம் ஆசான்

எம் இளமைக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்குக் கூற விடை வேண்டுகின்றோம். தாமிரவருணிக் கரையில் உள்ள எமது சிற்றூரில், அறுவடை முடிந்த களத்துமேட்டில், மாலை வேளையில் ஒரு பெரியவர் சிறுவர்கட்குச் சிலம்பம் கற்பித்து வந்தார். பகலில் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சுத் தொழிலர் அவர். நம் வகுப்பினர் அல்லர். எம் தந்தையார் எமது பதினோராம் வயதில் எம்மைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, அவர் காலில் விழுந்து வணங்கச் செய்தார். உறவினர் சிலர் அன்றிரவே வீட்டிற்கு வந்து, 'வேறு வகுப்பினர் காலில் நம் பிள்ளை விழலாமா?' என்று கேட்டனர். 'கற்றுக்கொடுப்பவர் கால் அது, வேறென்ன வகுப்பு?' என்று எம் தந்தையார் விடை கூறியது இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது.

முதல் நான்கு திங்கள் எமக்குக் கோலே தரப்படவில்லை. சாம்பலால் தரையில் வரைந்த கோடுகளின்மீது கால் மாற்றி வைப்பதே பயிற்சி. எம் இடக்கால் எப்பொழுதும் கோட்டிற்கு வெளியே நாலு விரற்கடை விலகி விழும். ஆசான் திட்டமாட்டார், அடிக்கவும் மாட்டார். 'இன்னொரு தடவை' என்பார். அவ்வளவே. அச்சொல்லை ஒரு மாலையில் அறுபது முறையேனும் கேட்டிருப்போம். ஓராண்டு கழித்து எம் தந்தையார், 'பிள்ளை எப்படிப் பழகுகிறான், ஆசானே?' என்று கேட்டதற்கு, 'நாளைக்கும் அனுப்பி வையுங்கள், ஐயா' என்றார். அதனைப் புகழ்ச்சியாகக் கொள்வதா, குறையாகக் கொள்வதா என்று தெரியாமல் அன்றிரவு முழுதும் விழித்துக்கிடந்தோம்.

மூன்றாம் ஆண்டு கோயிற் கொடையில் அயலூர்ப் பிள்ளையோடு எம்மைக் களத்தில் இறக்கினார்கள். கோலின் முனையில் வண்ணப்பொடி தடவி, எவர் ஆடையில் எத்தனை புள்ளி விழுந்தன என்று எண்ணும் போட்டி. எம் வெள்ளை வேட்டியில் ஒன்பது புள்ளிகள். அவன் வேட்டியில் நான்கே. ஊரார் அவனைத் தோளில் தூக்கினர். யாம் நிலத்தைத் தொட்டு வணங்கி, அவன் கைநழுவ விட்டிருந்த கோலை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு, ஆசான் பக்கலில் வந்து தலைகுனிந்து நின்றோம். அவர் எம் தோளில் கைவைத்து, 'தம்பி, இன்றைக்கு உன் இடக்கால் கோட்டை விட்டு வெளியே போகவில்லை' என்றார். அவர் வாயால் யாம் கேட்ட முதற் புகழ்மொழி அதுவே. தோற்ற நாளில் அது கிடைத்தது. அதன்பின் எம் வாழ்நாளில் சால்வைகளும் மாலைகளும் பல பெற்றிருக்கின்றோம். அவற்றுள் எதனை எப்பொழுது பெற்றோம் என்று சொல்ல இயலாது. அந்த இடக்காலைப்பற்றிய சொல்லோ இன்றும் எம்மை நேராக நிற்கச் செய்கின்றது.

பிற நாட்டார் கண்ட முறை

இஃது எம் ஆசானுக்கு மட்டும் உரிய இயல்பு அன்று. கிழக்கே ஒக்கினாவாத் தீவில் 1868-இல் பிறந்த ஃபுனகோஷி கிச்சின் என்பார், கராத்தே என்னுங் கலையை 1922-இல் தோக்கியோ நகருக்குக் கொணர்ந்து உலகறியச் செய்தவர். இளமையில் நோயுற்று மெலிந்த உடம்பினர் அவர். பள்ளித் தோழனின் தந்தையாராகிய அசாத்தோ என்பவரிடம் கலை பயின்றார். அக்காலத்தில் அக்கலை வெளிப்படையாகப் பயிலப்படவில்லை; ஆதலின் இரவில் விளக்கொன்றை ஏந்தி ஆசான் இல்லஞ் சென்று, விடியலில் வீடு திரும்புவார். அண்டை வீட்டார் அவர் தகாத இடத்திற்குச் சென்று வருவதாக ஐயுற்றனராம்! ஆசான் திண்ணையில் நிமிர்ந்து அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மீண்டும் செய்யுமாறு பணிப்பார். ஒரு வடிவம் முற்றும் கைவந்ததென்று ஆசான் மனநிறைவு கொள்ளுமளவும் அடுத்த வடிவம் கிடையாது. அரிதாக ஒரு நாள் 'நன்று' என்னும் ஒரு சொல் வரும். அவர் வழங்கிய உயர்ந்த பாராட்டு அதுவே. தெக்கி என்னும் மூன்று வடிவங்களைக் கற்கவே தமக்குப் பத்தாண்டு ஆயிற்று என்று, 1956-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில், முதுமையெய்திய அப்பெரியார் நன்றியோடு எழுதியிருக்கின்றார்.

ஜப்பான் நாட்டு ஜிகோரோ கானோ என்பாரின் முறையையும் காண்போம். 1882-இல் ஏய்ஷோஜி என்னும் கோயிலில், பன்னிரண்டு பாய் விரித்த சிற்றிடத்தில் அவர் ஜூடோப் பள்ளியைத் தொடங்கினார். பழைய ஆசான்மார் பல்லாண்டு கழித்தே ஓர் உரிமையேடு வழங்குவர். இடையிலே நெடுந்தொலைவு எவ்வித அடையாளமும் இராது. அங்ஙனமாயின் மாணாக்கர் ஊக்கங் குன்றுவர் என்று உணர்ந்த கானோ, படிநிலைகள் பல வகுத்தார். 1883-இல் முதற்படி பெற்றவர்கள் இருவரே. கறுப்புக் கச்சை கட்டும் வழக்கம் அதற்குச் சில ஆண்டுகள் பிற்பட்டது. பல நிறக் கச்சைகள் 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஐரோப்பாவிற் பரவின. கானோ கல்வித் துறையில் தேர்ந்தவர். புகழ்ச்சியை அவர் வெறுத்தவர் அல்லர். அதற்கு அளவுகோல் செய்தவர். இவ்வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இன்றோ உலகின் பல பகுதிகளிலும், கச்சையின் நிறம் செலுத்திய கட்டணத்தைக் காட்டுகின்றதே யன்றிக் கற்ற கல்வியைக் காட்டவில்லை என்னும் முறையீடு எழுகின்றது. நம் சிலம்பக் கூடங்கட்கும் அந்நோய் வாராமற் காத்தல் நம் கடன். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு விழாவிற் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. கலைக்கு மதிப்பு உயருந்தோறும் சான்றிதழுக்கு விலை ஏறும். விலை ஏறுந்தோறும் போலி மிகும்.

நம் நூல்கள் காட்டும் நெறி

நம் பண்டை நூல்கள் இதனை நன்குணர்ந்தே கூறியிருக்கின்றன. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் வயதில் ஆடல் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரசன் முன் அரங்கேறினாள். அதன்பின்னரே தலைக்கோற் பட்டமும் பச்சை மாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். அரங்கேறுமுன் மாலையில்லை. திருவள்ளுவனார் 'புகழ்' என்னும் அதிகாரத்தை எங்கு வைத்தார் என்று நோக்குங்கள். அன்புடைமை, விருந்தோம்பல், நடுவுநிலைமை, அடக்கமுடைமை, ஒழுக்கமுடைமை, பொறையுடைமை, ஈகை என்று இல்லறத்தான் செய்யவேண்டுவன யாவும் கூறி முடித்து, இல்லறவியலின் இறுதியில் வைத்தார். செய்தற்குரியன செய்தபின் வருவது புகழ் என்பது அவ்வைப்பு முறையாலேயே விளங்கும். நாமோ அவ்வதிகாரத்தை முதலில் வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கின்றோம்.

அண்மைக்காலத்து உளநூலாரும் இக்கருத்திற்கு அரண் செய்கின்றனர். அமெரிக்க நாட்டில் கிளாடியா மியூலர், கேரல் டுவெக் என்னும் இருவர் சிறுவர்களைக்கொண்டு செய்த ஆராய்ச்சிகளை 1998-இல் வெளியிட்டனர். ஒரு கணக்கை முடித்த பிள்ளைகளுள் ஒரு சாராரை 'நீ அறிவாளி' என்று புகழ்ந்தனர். மற்றொரு சாராரை 'நீ நன்றாக முயன்றாய்' என்று புகழ்ந்தனர். அறிவாளி என்று புகழப்பட்டவர்கள் அடுத்து எளிய வேலையையே விரும்பினர். கடினமானது வந்து தோற்றபோது மனம் ஒடிந்தனர். பின்னர்த் தாம் பெற்ற மதிப்பெண்ணைப் பிறர்க்கு உரைக்குங்கால் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களுள்ளேயே மிக்கிருந்தனர். முயற்சிக்காகப் புகழப்பட்டவர்களோ கடினமானதையே நாடினர். தோல்விக்குப் பின்னரும் தளராது முயன்றனர்.

பெரியோர்களே! இதனை நம் சங்கத்தின்மேல் ஏற்றிப் பாருங்கள். 'நீ பிறப்பிலேயே வீரன். உன் குருதியில் வீரம் ஓடுகின்றது' என்று நம் பிள்ளைகட்கு நாம் ஓயாது கூறி வருகின்றோம். அறிவாளி என்று கூறுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பிறப்பிலேயே வீரனாயிருப்பவன் எதற்காக நான்கு திங்கள் சாம்பற் கோட்டின்மேல் கால் பழகவேண்டும்? அவன் தோற்றால், தன் கால் பிழைத்தது என்று எண்ணமாட்டான். தன் குலமே தோற்றது என்று எண்ணுவான். அவ்வெண்ணம் அவனைக் களத்தினின்று ஓடச் செய்யும். அல்லது நடுவர்மேற் பாயச் செய்யும். பயிற்சியைத் திருத்திக்கொள்ள மட்டும் செய்யாது.

குலப்பெருமையும் கலையும்

இச்சபையில் இதனைச் சொல்லாமல் வேறெங்குச் சொல்வது? சிலம்பம் எமக்கே உரியது என்று வகுப்புதோறும் ஒரு மேடையில் முழக்கம் எழுகின்றது. 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்தபின் தென்னாட்டுக் கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்களிடமிருந்து படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. 1878-இல் இயற்றப்பட்ட படைக்கலச் சட்டம் அத்தடையை நாடெங்கும் இறுக்கிற்று. அக்காலங்களிலெல்லாம் மூங்கிற் கோலை விடாது பிடித்திருந்த கைகள் உழவர் கைகள், தச்சர் கைகள், மீன்பிடிப்போர் கைகள், பனையேறுவோர் கைகள். களத்துமேடுகளில் இக்கலை உயிர் பிழைத்தது பலருடைய உழைப்பினால். அதனை ஒரு குலத்தின் உடைமையாகக் கூறிக்கொள்ளுதல், பிறர் உழைத்து விளைத்த நெல்லைத் தன் களஞ்சியத்தில் அளந்து கொட்டிக்கொள்வதை ஒக்கும்.

பாரதக் கதையில் அத்தினாபுரத்து அரங்கேற்றம் நம் யாவர்க்கும் தெரிந்ததே. அருச்சுனன் காட்டிய வில்வித்தை யாவற்றையும் தானும் காட்டுவேன் என்று கன்னன் வந்தான்; காட்டவும் செய்தான். அவனுக்குக் கிடைக்கவேண்டியது 'நன்று' என்னும் ஒரு சொல். கிடைத்ததோ, 'நின் குலம் யாது?' என்னும் கேள்வி. கிருபர் கேட்ட அக்கேள்வியே அவனைத் துரியோதனன் கையிற் கொண்டு சேர்த்தது. உரிய புகழை உரியவனுக்கு அளவாமையால் விளைந்த கேடு பதினெட்டு நாட் போரில் முடிந்தது.

கதையில் மட்டும் அன்று. கேரளத்து வடகரையில், சாதி காரணமாகக் களரியிற் சேர்த்துக்கொள்ளப்பெறாத ராகவன் குருக்கள் என்பார், உடன்பிறந்தாரோடு கூடித் தாமே ஒரு களரி நிறுவினார். அவர்தம் மனைவியார் மீனாட்சி அம்மையார், கணவர் மறைந்தபின் அக்களரியைத் தாங்கி நடத்தி, முதுமையிலும் வாளேந்திப் பிள்ளைகட்குக் கற்பித்து, 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குறித்த கட்டணம் எதுவும் இன்றி, மாணாக்கர் விரும்பி அளிக்கும் தக்கணையே அங்குக் கொள்ளப்படுகின்றது. ஒரு வாயிலில் மறுக்கப்பட்டவர், தம் வாயிலை எல்லார்க்கும் திறந்து வைத்தார். இதுவன்றோ வீரம்! நம் சிலம்பக் கூடத்து வாயிலைப்பற்றியும் நாம் சிறிது எண்ணுதல் நன்று.

யாம் செய்த பிழை

இதுகாறும் பிறர்க்கு அறிவுரை கூறினோம். இனி எம் பிழையைக் கூறாவிடின் இச்சொற்பொழிவு பொய்யாகும். பல ஆண்டுகட்குமுன், வேறோர் ஊரில் ஒரு போட்டிக்குப் பரிசு வழங்குங் குழுவில் யாமும் ஒருவராக இருந்தோம். முதற் பரிசுக்குரியவன் எவன் என்பதில் ஐயமே இல்லை. சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்யும் தாயின் மகன் அவன். நாள்தோறும் இரண்டு கல் தொலைவு நடந்து வந்து பயின்றவன். கோல் அவன் கையில் இருப்பதே தெரியாமற் சுழலும். ஆயினும் விழாவிற்குப் பெரும்பொருள் உதவிய செல்வர் ஒருவரின் மகனும் அன்று களத்தில் இருந்தான். 'கட்டடம் முடியவேண்டுமே' என்று ஒருவர் சொன்னார். எவரும் மறுக்கவில்லை. தீர்ப்புத் தாளில் நால்வர் கையொப்பமிட்டனர். நான்காவது கையொப்பம் எம்முடையது.

அப்பையன் இரண்டாம் பரிசை வாங்கிக்கொண்டு, நிலத்தைத் தொட்டு வணங்கிச் சென்றான். மறுநாள் கூடத்திற்கு வரவில்லை, அதன்பின் வரவேயில்லை. எட்டாண்டு கழித்து ஒரு புகைவண்டி நிலையத்தில் அவனைக் கண்டோம், மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அருகிற் சென்று, அன்று செய்தது பிழை என்று சொல்லி, மன்னிக்குமாறு கேட்டோம். அவன் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான்: 'பரிசு போனது எனக்குப் பெரிதில்லை, ஐயா. மேடையில் அந்தத் தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியும். மறு வாரமே அவனும் கம்பைத் தொடுவதை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அவனும் நன்றாக வந்திருப்பான், ஐயா.'

சகோதரர்களே! ஒரு பொய்ப் புகழால் ஒருவனை இழந்தோம் என்றே அதுகாறும் எண்ணியிருந்தோம். இருவரை இழந்தோம் என்று அவன் சொல்லித்தான் அறிந்தோம். தகுதியுடையவன் புகழ் பெறாமையால் விலகினான். தகுதி பெறவேண்டியவன் புகழ் பெற்றமையால் விலகினான். கட்டடம் முடிந்தது. அதனுட் கோல் பிடிக்க அவ்விருவரும் இல்லை.

பாராட்டே வேண்டாமோ?

அங்ஙனமாயின் பிள்ளைகளைப் பாராட்டவே கூடாதோ என்று தாய்மார் வினவலாம். அது தக்க வினாவே. ஒரு நற்சொல்லும் கூறாது, பிரம்பும் வசையுமே கொண்டு பயிற்றும் ஆசான்மாரும் உளர். அவரைக் கண்டிப்புடையவர் என்று உலகம் புகழ்கின்றது. யாம் அவரைப் புகழோம். அச்சத்தால் நேராக நிற்கும் கால், ஆசான் முகம் மறைந்ததும் வளைந்துவிடும். எம் ஆசான் புகழாதவர் அல்லர், பார்ப்பவர். மூன்றாண்டு எம் இடக்காலை ஒரு நாளும் தவறாமற் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்கு அவ்வொரு சொல் சான்று. பிள்ளை வேண்டுவது கிண்ணத்தையன்று. தன்னை ஒருவர் உற்றுப் பார்க்கின்றார் என்னும் உறுதியை. 43 கிண்ணங்களை ஒரே நாளிற் கடையில் வாங்கிவிடலாம். 43 பிள்ளைகளையும் தனித்தனியே உற்றுப் பார்க்க ஓராண்டு வேண்டும். நாம் கடைக்குச் செல்வது எளிது என்று சென்றுவிட்டோம்.

ஆகவே பாராட்டுக்கு இலக்கணம் மூன்று கூறுவோம். அது செய்த செயலைச் சுட்டவேண்டும். உரிய காலத்தில் வரவேண்டும். அறிந்தவர் வாயினின்று வரவேண்டும். 'வீரத் திருமகனே' என்பது புகழன்று, ஓசை. 'பின்வாங்கும்போது இப்பொழுது முதுகு காட்டுவதில்லை' என்பதே புகழ். இங்ஙனங் கூறுவதாயின், சேர்ந்து மூன்று திங்களான சிறு குழந்தையையும் நாளும் பாராட்டலாம். அதனால் ஒரு தீங்கும் விளையாது.

சங்கத்தார்க்கு விண்ணப்பம்

இனிச் சங்கத்தார் ஆராயும் பொருட்டுச் சில விண்ணப்பங்கள். முதலாவது, போட்டிகளில் தீர்ப்பளிக்க நம் சங்கத்தைச் சேராத ஆசான்மாரையே அழைத்தல் வேண்டும். பொருளுதவி செய்தோரும் நிருவாகிகளும் தீர்ப்புப் பலகையினின்று விலகி அமர்தல் வேண்டும். இரண்டாவது, சான்றிதழ்களில் வெற்றுப் புகழ்மொழிகளை நீக்கி, இன்ன வரிசைகளை இம்மாணாக்கர் பிழையறச் செய்து காட்டினார் என்று எழுதி, ஆசான் கையொப்பமிடல் வேண்டும். மூன்றாவது, கிண்ணங்கட்குச் செலவிடும் பொருளை, தொலைவினின்று நடந்து வரும் ஏழைப் பிள்ளைகளின் காலைச் சிற்றுண்டிக்கும், ஆசானுக்கு உரிய மாத ஊதியத்திற்கும் ஒதுக்குதல் வேண்டும். தக்கணை என்று சொல்லி ஆசானை வறுமையில் வைத்திருப்பது நமக்குப் பெருமையன்று. நான்காவது, கூடத்து வாயிலில் எழுதியுள்ள 'நம் குலச் சிறுவர்க்கு' என்னும் சொற்களை அழித்து, 'கற்க வருவோர்க்கு' என்று எழுதுதல் வேண்டும். சிறுமியர்க்கும் அது பொருந்தும். நம் பிள்ளைகள் நம் பிள்ளைகளையே வென்று பெறும் புகழ், வீட்டுக்குள் ஓடிய ஓட்டப்பந்தயம் போன்றது.

இன்றைய கிண்ணங்களைப்பற்றி என் செய்வது என்று செயலாளர் அவர்கள் எம்மை நோக்குகின்றார்கள். வாங்கியவற்றை வீணாக்க வேண்டுவதில்லை. ஆசான் அவர்கள் இங்கே அமர்ந்திருக்கின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையும் மேடைக்கு வரும்பொழுது, அப்பிள்ளை இவ்வாண்டு திருத்திக்கொண்ட ஒன்றை அவர்கள் ஒரே வாக்கியத்திற் சொல்லட்டும். அதன்பின் கிண்ணத்தைக் கொடுப்போம். சிறிது நேரம் ஆகும், சிற்றுண்டி ஆறிப்போகும். ஆறட்டும். பத்தாண்டு கழித்துக் கிண்ணம் எங்கோ கிடக்கும். அந்த வாக்கியம் பிள்ளையோடு இருக்கும்.

இளஞ் செல்வங்களே! உங்கட்கு ஒரு சொல். இன்று மேடையில் நீங்கள் கேட்கப்போவது உங்கள் பாட்டனார் பெயரன்று; உங்கள் காலின் பெயர், உங்கள் கையின் பெயர். அதனைக் கேட்டபின் தலை நிமிர்ந்து செல்லுங்கள். நாளை விடியலில் மீண்டும் களத்திற்கு வாருங்கள். 'இன்னொரு தடவை' என்று ஆசான் கூறின், நீங்கள் இன்னும் வளரக்கூடியவர்கள் என்று அவர் நம்புகின்றார் என்பதே அதன் பொருள்.

 கலை வாழ்க! கற்பிப்போர் வாழ்க! கற்போர் ஓங்குக!